அந்த முதுகு என்னோடதுங்க

என்னாங்க,

உசுரோட இருந்தப்பவே பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல, இப்ப மட்டும் எங்க வரப்போகுது? இப்படியே எழுதுறேன், கேட்டுக்குங்க.

உங்க படம் வரப்போகுது. ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் சுவத்துல போஸ்டர் ஒட்டிருக்காங்க. நல்லாத் தேயிலைக் கொழுந்து எடுக்குற ஒருத்தனோட ரத்தத்துலருந்து அச்சு அசலா இன்னொருத்தன ஒரு கம்பெனி உண்டாக்குதுன்னு படம் எடுக்க வந்த டைரக்டர் தம்பி கதை சொன்னப்ப, தோட்டத்து லயத்துல யாருக்கும் வெளங்கல. நீங்கதான், "வீ.பி. தேயிலை நடுறதில்லையா, ஒரே தாய்ச் செடில கொப்பு வெட்டி? அப்படி மனுசன நட்டா?"ன்னீங்க. அதையே போஸ்டர்ல பெருசாப் போட்டுட்டாங்க. நீங்க சும்மா சொன்னதுங்க!

படத்துல அந்த ரெண்டு ஆளாவும் நடிச்சது நீங்கதான். ரெண்டு பேரும் நேருக்கு நேரா நிக்கிற எடத்துல மட்டும், முதுகு காட்டி நிக்க உங்க ஒசரத்துக்கு ஒரு ஆள் வேணும்னாங்க. என்னைய இழுத்து விட்டீங்க. வெக்கமா இருக்கு, போங்கன்னேன். "காமன் கூத்துல ஆம்பள ரதி வேசம் கட்டலாம், நீ ஒரு முதுகு காட்டக் கூடாதா?"ன்னு உங்க சட்டைய மாட்டி, கொண்டையத் தொப்பிக்குள்ள திணிச்சு விட்டீங்க.

"நான் போறேன், நீ இருந்துக்க"ன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லி நீங்க அழணும். நீங்க அழுத லட்சணத்தப் பாத்து எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. சத்தம் வராம அடக்குனதுல முதுகு குலுங்குது. "அக்கா, அருமையா அழுறீங்க!"ன்னாரு டைரக்டர் தம்பி. வீடு வர்ற வழியெல்லாம் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோமே, ஞாபகம் இருக்கா?

அந்த வருச மழைக்காலம் முடியுறதுக்குள்ள நெஞ்சப் புடிச்சிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனீங்க. நான் மட்டும் திரும்பி வந்தேன்.

போன கெழமை டைரக்டர் தம்பி எனக்குப் போன் எடுத்தாரு. கொழும்புல படத்துக்கு விளம்பரம் பாக்குறவருக்கு என் முதுகு ஒடுக்கமாத் தெரியுதாம். கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டு உங்க முதுகையே வைக்கணுமாம். எனக்கு வந்துச்சே கோவம்! கல்யாணப் போட்டோவும் மண்சரிவுல போயிருச்சு, நாம சேந்து நிக்கிறது இனி அந்த ஒரு எடத்துலதானே? "அவரு என்னையப் பாக்குறாரு தம்பி, அத அழிக்காதீங்க"ன்னு கத்திட்டேன்.

மறுநாள் அவரே கூப்பிட்டாரு. "அழிக்கலக்கா. டிரைலர் பாத்தவங்க எல்லாரும் அந்த முதுகு அழுறதத்தான் பேசுறாங்க."

அழுறதாம்! சிரிச்சதுன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க. இப்ப இதப் படிக்கிறவங்களுக்கும் தெரிஞ்சிருச்சு, ஆனா நீங்க கூடச் சிரிக்கிற மாதிரி வருமா? வேலை விட்டு வந்தா பேச ஆளில்ல. ரொட்டியத் தட்டி வச்சிட்டு, பசி இல்லாம குந்திக்கிட்டு இருக்கேன். தனியா இருக்க முடியலைங்க.

படம் ஓடுற அன்னைக்கு அந்தச் சட்டையப் போட்டு, மேல சால்வையப் போத்திக்கிட்டுப் போவேன். "நான் போறேன், நீ இருந்துக்க"ன்னு நீங்க சொல்றப்ப, சத்தியமா சிரிக்கத்தான் பாப்பேன். அப்பவும் முதுகு குலுங்கும். பின்னால இருக்கிறவங்க என்ன வேணா நெனச்சுக்கட்டும்.

நீங்க சொன்னபடி இருந்துக்கிட்டிருக்கிற
உங்க பொஞ்சாதி,
செல்வராணி
அக்கரப்பத்தனை