லிங் அக்காவின் முப்பத்தேழு குறிகள்

என் ஆசை லிங் அக்கா,

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன். நீங்கள் கண்ணை மூடிய பிறகு ஒஸ்லோவுக்கு வந்த முதல் வசந்தம் இது. மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் உங்கள் கதிரையில் இன்னும் ஒருவரும் இருப்பதில்லை.

உங்கள் மகள் லீனாவுக்கென்று சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கொப்பி எழுதினீர்களே, நினைவிருக்கிறதா? சீன எழுத்து ஆயிரக்கணக்கில் என்பதால், தாய்வானில் சின்னப் பிள்ளைகள் முதலில் படிக்கும் முப்பத்தேழு ஒலிக்குறிகளாலேயே முழுவதையும் எழுதினீர்கள். அந்தக் குறிகளை எனக்கும் சொல்லித் தந்து, சரிபார்க்க என்னை வாசிக்க வைத்தீர்கள். உங்கள் மொழியில் 'ப' இரண்டாம், ஒன்றை மூச்சை ஊதிச் சொல்ல வேண்டுமாம். என் வாய்க்கு இரண்டும் ஒன்றுதான். மெல்லிய கடதாசியை என் வாய்க்கு முன்னால் பிடித்து, அது ஆடும்வரை விடமாட்டீர்கள். என்ன பிடிவாதம் அக்கா உங்களுக்கு!

லீனாவுக்குக் கேட்டால் விளங்கும், வாசிக்கத் தெரியாது. எனக்கு வாசிக்கத் தெரியும், ஒரு சொல்லும் விளங்காது. அதனால் ஞாயிறுதோறும் கொப்பியோடு வருகிறாள். நான் வாசிப்பேன். அவள் சிரிப்பாள், அழுவாள். என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்பதில்லை.

பேர்கனில் இருக்கும் என் தங்கச்சி தொலைபேசியில் ஏசினாள்: "உனக்கென்ன விசரே அக்கா? விளங்காததை வாசிச்சு என்னத்தைக் காணப்போறாய்?"

என்னத்தைக் காண்பேன்? என் வீட்டு மணியை அடிக்க வேறு யார் இருக்கிறார்கள்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கொப்பியில் நான்கு பக்கம்தான் மிச்சம். போன ஞாயிறு அரைப் பக்கத்தில் நிறுத்தி, கண் நோகிறது என்று பொய் சொன்னேன். அதற்கு முந்திய கிழமையும் அப்படித்தான். முடிந்துவிட்டால் வரமாட்டாளே என்ற பயம். தாய் எழுதியதைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் இழுத்தடித்தேன். வெட்கமாக இருக்கிறது அக்கா.

இன்று அவள் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். அவள் நோர்வேஜிய மொழியில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்:

"ஆன்ரி, அந்தக் குறியெல்லாம் நான் நத்தார் பண்டிகைக்கு முதலே பாடமாக்கிட்டன். கொப்பியையும் வாசிச்சு முடிச்சிட்டன். ஆனா நான் வாசிச்சா அது வெறும் சத்தம். உங்களுக்கு அம்மாதானே சொல்லித் தந்தவ, நீங்கள் வாசிச்சாத்தான் அம்மா கதைக்கிற மாதிரி இருக்கு."

மிச்சப் பக்கங்களை இன்றே வாசித்துவிட்டேன். அடுத்த ஞாயிறு முதலாம் பக்கத்திலிருந்து திரும்பத் தொடங்குகிறோம். என் குரல் உள்ளவரை அவளுக்கு வாசிப்பேன் அக்கா, இது சத்தியம்.

உங்களோடு கூடப் பிறக்காத தங்கை,
சாந்தி