தாச்சியில் இறங்கிய சுரம்

என் அன்பான மனைவிக்கு,

லாசாலில் பனி கரைந்துவிட்டது. பேரனைப் பார்த்துக்கொள்ள நீர் இல்-பிசாரில் மகள் வீட்டுக்குப் போனபோது இலை உதிரத் தொடங்கியிருந்தது. அவன் இப்போது குழந்தைகள் காப்பகத்துக்குப் போகிறானாம். மகள் றொஷினி சொன்னாள்.

நம் கலியாணத்தன்று, வாசிப்பதற்காக என் ஸ்டீல்பான் வாத்தியம் மண்டபத்துச் சமையலறையில் இருந்தது நினைவிருக்கும். குழிந்த அந்த இரும்பின் உள்ளே மேடு மேடாக இருந்ததைப் பார்த்து, சமையல் சட்டி என்று நினைத்து உம்முடைய அக்னெஸ் மாமி இரங்கினார்.

“தம்பி, உந்தத் தாச்சி நல்லா நெளிஞ்சு போச்சு. ஒரு இடத்தைத் தட்டி நிமித்திப்போட்டன். மிச்சத்தைப் பேந்து பாப்பம்.”

ஒவ்வொரு மேடும் ஒரு சுரம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. “பேசாம வாசியுங்கோ, நல்லாத்தானே இருக்கு” என்றீர்.

வாசித்தேன். மாமி தட்டியதில் இறங்கிப்போன அந்தச் சுரத்தைச் சுற்றியே என் ஜாஸ் இசை முழுவதையும் எழுதினேன். விமர்சகர்கள் அதில் புலம்பெயர்ந்தவனின் துயரத்தைக் கேட்டார்கள். மாமியை ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது புதிய இசைத்தட்டுக்காக அந்தச் சுரத்தைத் திருத்த ஒருவர் சனிக்கிழமை வருகிறார். திருத்திய பிறகு பழைய ஒலி திரும்பாது. திருத்தவா, விடவா என்று தெரியவில்லை. நல்லாயிருக்கு என்று முதலில் சொன்னவர் நீர்.

தொலைபேசியில் வாசிக்கச் சொல்வீர். றொஷினிக்கு அப்படி வாசித்துப் பார்த்தேன். அவளுக்கு எல்லாச் சுரமும் ஒன்றுதானாம். ஆகவே நீர் நேரில் வந்துதான் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை காரோடு வருகிறேன். டிக்கியிலிருந்த வாத்தியங்களையெல்லாம் இறக்கிவிட்டேன். உம்முடைய பெட்டிகளுக்கு இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உம்முடைய வாத்தியக்காரன்