பவுடர் பூசிய கதவு

ஆம்பூர், 6 மே 1956, ஞாயிறு

அடுத்த ஞாயிறு மனோரமா அக்காவைப் பெண் பார்க்க அரக்கோணத்திலிருந்து வருகிறார்கள். அக்காவுக்கு வேலூரில் டீச்சர் டிரெயினிங் படிக்க ஆசை. அதை யார் கேட்டார்கள்? அப்பாவின் கவலையெல்லாம் வாசல் கதவைப் பற்றித்தான். அரக்கோணத்தாருக்காக அரக்கு நிறம்! அதையும் தானே அடிக்கப் போகிறாராம்.

“ஏங்க, ஒரு பெயின்டரைக் கூப்பிடுங்களேன்” என்றாள் அம்மா.

“டேனரியில தினம் நானூறு தோலுக்கு எண்ணெய் போட வைக்கிற மேஸ்திரி நானு. ஒரு கதவுக்குப் போட மாட்டேனா?”

7 மே, திங்கள்

கடையில் வர்ணப்பொடி கிடைத்தது. குழைப்பதற்கு ஆளிவிதை எண்ணெய்தான் இல்லையாம். அப்பா அசரவில்லை. டேனரியில் பதனிடும் தோலுக்குப் போடும் புங்க எண்ணெயைத் தூக்குவாளியில் கொண்டுவந்து குழைத்துவிட்டார். அடித்தது கொஞ்ச நேரம். “இன்னா பளபளப்பு பாத்தீங்களா!” என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டியது சாயந்திரம் வரை. வர்ணம் கம்மி, வர்ணனை ஜாஸ்தி.

8 மே

காயவில்லை.

10 மே, வியாழன்

இன்னும் கதவு காயவில்லை. அம்மாதான் காய்கிறாள். எல்லோரும் கொல்லைப்புறமாகத்தான் போய்வருகிறோம், திருடர்கள் மாதிரி.

யோசித்துப் பார்த்தேன். தோல் காய்ந்து விறைத்துப் போகாமல் இருக்கத்தானே அந்த எண்ணெய்? அதையே பூசிவிட்டுக் காயவில்லை என்றால் எப்படிக் காயும்? அப்பாவிடம் சொன்னேன்.

“நீ தோலைக் கண்டியா, தொட்டியைக் கண்டியா? போடி உள்ளே!”

பக்கத்து வீட்டு ஷஹீன் பானுவிடம் சொன்னேன். அவள் அண்ணன் ஆபித் பாஷா அப்பாவின் டேனரியில்தான் வேலை செய்கிறார். “அரே, எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா டேனரி பூரா சிரிக்கும் குமுது!” என்று அவளே முதலில் சிரித்து முடித்தாள்.

12 மே, சனி

காற்றில் வந்த தூசி, பஞ்சு, கோழி இறகு எல்லாம் ஒட்டிக் கதவுக்கு முடி முளைத்துவிட்டது. டேனரியாக இருந்தால் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு முடியை எடுத்திருப்பார்கள். வீட்டில் அப்பா துணியால் துடைத்தார். துணியும் ஒட்டிக்கொண்டது.

கடைசியில் கண்டுபிடித்தார் ஒரு வைத்தியம்: அம்மாவின் முகப்பவுடர். டப்பா முழுவதையும் கதவில் தட்டினார். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கிறது. நாளைக்கு அக்கா முகத்துக்கு ஒரு சிட்டிகைகூட மிச்சமில்லை. பெண் பார்க்கிறவர்கள் கதவைக் கட்டிக்கொண்டு போகட்டும்.

13 மே, ஞாயிறு

கதவைத்தான் கட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா செருப்பைக் கழற்றக் கதவில் சாய்ந்தார். நிமிர்ந்தபோது வெள்ளை ஜிப்பாவின் முதுகு முழுக்க அரக்கு. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறேன் — அப்பா என்னைப் பார்த்துக் கை நீட்டினார்.

“எல்லாம் இந்தச் சின்னக் கழுதை வேலைங்க! நான் கலந்து வெச்ச பெயின்ட்ல எண்ணெயை ஊத்திட்டா.”

நானா?

மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “சின்னதே இப்படின்னா பெரியவ இன்னா லட்சணத்துல இருப்பா?” காபிகூடக் குடிக்காமல் போய்ட்டாங்க.

அக்கா உள்ளே அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. “ஆவணிக்குள்ள வேற இடம் பாக்கறேன்” என்று அப்பா சொன்ன பிறகுதான் அழுதாள்.

14 மே, திங்கள்

எத்தனையோ பண்ணியிருக்கேன். வாத்தியார் குடைக்குள்ளே மாவு கொட்டினது நான்தான். கேட்டா ஒத்துக்குவேன். ஆனா இது நான் இல்லியே! பெத்த அப்பாவே இப்படிச் சொன்னா? இனி என்னை யாரும் பெண் பார்க்க வரமாட்டார்கள் — சரி, அது நல்ல செய்திதான். இருந்தாலும்.

சாயந்திரம் அப்பா கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“கோவமாடி குமுது?”

“இல்லப்பா. கதவு ஏன் காயலன்னு ஆபித் பாஷா கேட்டாரு. இன்னா சொல்லட்டும்?”

சுரண்டல் நின்றது. “இன்னா சொல்லப் போற?”

“நான்தான் எண்ணெய் ஊத்தினேன்னு சொல்றேன். ஆயுசுக்கும் அதையே சொல்றேன். அக்காவை வேலூர்ல சேத்துடுங்க.”

“யாருகிட்டடி பேரம் பேசுற?”

“மேஸ்திரிகிட்டதான்.”

வெகுநேரம் சுரண்டினார். வர்ணம் போய் மரமே வந்துவிட்டது. அப்புறமும் சுரண்டினார்.

15 மே

அப்பா வேலூருக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். அக்காவுக்கு ஒரு டிரங்குப் பெட்டி வாங்கி வந்திருந்தார்.

18 ஜூன், திங்கள்

அக்காவை ஹாஸ்டலில் விட அப்பா கிளம்பினார். நானும் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். பக்கத்து சீட்டு வாணியம்பாடிக்காரரிடம் அப்பா உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: “பொம்பளைப் புள்ளைங்க படிக்கணுங்க. நான் ஆரம்பத்துலேருந்தே அந்தக் கட்சி.” ஜன்னலுக்கு வெளியே நின்ற என்னைக் காட்டி, “இது சின்னது. கதவுல எண்ணெயை ஊத்தி, வந்த சம்பந்தத்தையே ஓட்டிடுச்சி.”

அவர் எட்டிப் பார்த்து, “நீயாம்மா?” என்றார்.

“ஆமாங்க. நான்தான்.”

அக்கா ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் விசில் அடித்தும் விடவில்லை.