நாலு ஆணித் துளையில் சோப்பு

அன்பு மகள் மாஹிராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் நானும் உன் அம்மாவும் இங்கே இருக்கிறோம், நீ புனேயில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த பம்பு கம்பெனியில் ராத்திரி ஷிஃப்ட் போடுகிறார்களா என்பதுதான் எங்கள் கவலை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கம்மி, ஆனால் நாலு நாளாக என்னோடு பேச்சு இல்லை, சோற்றுத் தட்டை ணங்கென்று என் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். கல்வராயன் மலையில் நல்ல மழை, கோமுகி அணையைத் திறந்துவிட்டார்கள், கச்சிராயபாளையத்தில் உன் தம்பி சுபுஹானின் மொபைல் கடை வாசலெல்லாம் சேறு. அவன் உனக்கு என்னமோ வீடியோ அனுப்பினானாமே, அதில் உன் அத்தா நாலு பேர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பது மட்டும்தான் இருக்கிறதாம். அதைப் பார்த்து நீயாக எதையும் நினைத்துக்கொள்ளாதே. போனில் சொன்னால் நீ பாதியில் அழுது போனை வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பொன்னுரங்கம் கதை உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதினால்தான் என் ஆத்திரம் கொஞ்சமாவது ஆறும். இரண்டு வருஷம் அவன் லேத்துப் பட்டறையில் ஆம்பளைப் பிள்ளைகளுக்குச் சமமாக நின்று வேலை பார்த்தாய். பெரியநாயகி அம்மா தன் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பிள்ளைகள் ஏறிப் போகிற மாதிரி நிஜமான நீராவி ரயில், சின்னது, வேண்டும் என்று கேட்டபோது கண் முழித்துப் படம் முழுக்கப் போட்டது நீ. அந்த வெட்கம் கெட்டவன் அதைத் தன் மகன் அறிவுச்செல்வன் போட்டது என்று காட்டி ஆர்டர் வாங்கினான். நீ நியாயம் கேட்கப் போனாய், அவன் மறுநாள் டீக்கடையில் நின்று, அந்தப் பொண்ணு எங்க பட்டறை மைக்ரோமீட்டர தூக்கிக்கினு பூட்ச்சி, கேட்டா நம்ம மேலயே பாயுது, என்றான். ஊர் அதையும் நம்பியது. பேசி வைத்திருந்த சம்பந்தக்காரர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒதுங்கினார்கள், நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு புனேக்குப் போனாய். மூன்று வருஷமாகத் தொழுகையில் உனக்கு ஒரு துஆ, அவன் நாசமாய்ப் போக ஒரு துஆ. அல்லாஹ் மன்னிக்கட்டும், இரண்டாவதைத்தான் அழுத்திக் கேட்டேன்.

போன மாசம் அவனே, ஓட்டைக் குடத்துக்கும் பால் கேனுக்கும் ஈயப் பத்து வைக்கிற என் கடைக்கு வந்தான். முன்வாசலில் இல்லை, பின்பக்கம், பித்தளைத் தகட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு. இஞ்சின் முடிந்து ஸ்டாண்டில் ஏற்றி ஓட்டியும் பார்த்துவிட்டானாம், பக்கெட்டிலிருந்து குழாய் விட்டுத் தண்ணீர் காட்டி. பின்னால் தண்ணீரும் கரியும் சுமந்து போகிற வண்டி, நீ டெண்டர் என்பாயே, அதில்தான் மாட்டிக்கொண்டான். வெல்டிங் வைத்தால் தகடு அப்பளம் மாதிரி நெளிகிறதாம், மூலைக்கு மூலை ஒழுகுகிறதாம். பாய், இந்த ஊர்ல ஒழுகாம பத்து வைக்கிற கை உங்களுதுதான், ஆனா வெளிய சொல்லிடாதீங்க, எல்லாம் எங்க பட்டறையில செஞ்சதுன்னு அந்தம்மாகிட்ட சொல்லிக்கினு இருக்கேன், என்றான். எனக்கு உள்ளுக்குள் நெஞ்சு குதித்தது. ஒழுகினால் இவன் தொட்டி, இவன் மானம். சரிங்க, வச்சிட்டுப் போங்க, என்று பல் தெரியச் சிரித்து வாங்கிக்கொண்டேன்.

அவன் கொடுத்தது ஜெராக்ஸ் படம். ஓரத்தில் பேர் இருக்கிற கட்டத்தின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி ஜெராக்ஸ் போட்டிருக்கிறான். பேரை மறைத்தால் போதுமா? ஏழுக்கு நடுவில் கோடு போடுகிறது உன் கை. தகட்டின் மேல் தகடு ஏறுகிற இடத்தில் எல்லாம் 'ஈயப் பத்து அரை அங்குலம்' என்று தமிழில் எழுதியிருக்கிறாய், என் கடையில் வளர்ந்தவளைத் தவிர எவள் அப்படி எழுதுவாள். அந்த எழுத்தை ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தேன். அப்புறம் வேலையில் இறங்கினேன். மூலைக்கு மூலை கோணச் சட்டம் வைத்து ரிவெட் ஆணி அடித்து, தண்ணீர் அலம்பாமல் நடுவில் இரண்டு தடுப்புத் தகடு, திராவகம் தடவி, சூட்டுக்கோலைக் காய வைத்து உள்பக்கம் பூரா ஈயம் ஓட்டினேன். மடிப்பு மடிப்பாக ஈயம் பிடித்துக்கொண்டு போன அழகை நீ பார்த்திருக்க வேண்டும். உன் அளவில் ஒரு நூல் பிசகில்லை, மேல் தகடு தானாக உட்கார்ந்தது.

ஆனால் அடித்தட்டில் நாலு ஆணித் துளையை மட்டும் ஆணி அடிக்காமல், ஈயமும் வைக்காமல் விட்டேன். லாரிக்காரர்கள் டீசல் டேங்க் ஒழுகினால் துணி சோப்பைப் பிசைந்து அப்புவார்களே, டீசலுக்கு அது கரையாது, மாசக்கணக்கில் நிற்கும். மண்ணெண்ணெய்க்கும் கரையாது. நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் தொட்டியை எப்படிச் சோதிப்பார்கள், வெளியே சுண்ணாம்பு பூசி உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஈரம் கசிகிறதா என்று பார்ப்பார்கள், பொன்னுரங்கத்துக்கும் அது ஒன்றுதான் தெரியும். நாலு துளையிலும் சோப்பை அடைத்து, வழித்து, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். தண்ணீருக்கு எவ்வளவு நேரம் தாங்கும் என்று பிஸ்கட் டின்னில் துளை போட்டு ஐந்து தடவை பார்த்தேன், ஒரு மணி நேரம் முன்னே பின்னே. மேடைப் பேச்சு முடிய அவ்வளவு நேரம் ஆகும். அவன் வந்து மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தான், சுண்ணாம்பு வெள்ளை வெளேரென்று இருந்தது, அசத்திட்டீங்க பாய் என்று என் கையைப் பிடித்தான். எனக்கு ஒரு துளி வெட்கம் வரவில்லை.

விழா அன்றைக்குப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். ரயில் பக்கத்தில் 'வடிவமைப்பு: அறிவுச்செல்வன்' என்று பளபளவென்று பலகை, அந்தப் பையன் புதுச் சட்டையில் மேடையில். தண்ணீர் ஊற்றும்போதே மணி பார்த்துக்கொண்டேன். முதல் சுற்று வெறும் வண்டி என்றுதான் பொன்னுரங்கம் சொல்லியிருந்தான். கடைசி நிமிஷத்தில் பெரியநாயகி அம்மா ஆசைப்பட்டு நாலு எல்.கே.ஜி. பிள்ளைகளை ஏற்றி உட்கார வைத்தார். மாஹிரா, தொட்டி வற்றினால் பாய்லரும் வற்றும், வற்றிய பாய்லர் வெடிக்கும், அது எனக்குத் தெரியும். ஆலை பாய்லரில் முப்பது வருஷம் இருந்த பழனிதான் ஓட்டுகிறார், கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் இறங்கினால் நெருப்பை இழுத்துவிடுவார், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுந்து நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. உன் அம்மா பேசாமல் இருப்பது அதற்குத்தான்.

பாதிச் சுற்றில் வண்டிக்கு அடியில் நாலு தாரை நுரை நுரையாக ஊற்றியது. பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்பு காற்றை இழுத்துக் கடகடவென்றது, பழனி பிள்ளைகளை இறக்கிவிட்டு நெருப்பைத் தரையில் வாரிக் கொட்டினார். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். கூட்டத்தில் முதலில் ஒருத்தன் சிரித்தான், அப்புறம் எல்லோரும். பொன்னுரங்கம் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று வருஷப் பசிக்கு அந்த ஒரு நிமிஷம் எனக்கு பிரியாணி. அப்போதுதான் அந்த அம்மா மேடையிலேயே அறிவுச்செல்வனைப் பார்த்து, இது இன்னாப்பா நீ போட்ட டிசைன், என்று கேட்டுவிட்டார். பையன் திருதிருவென்று முழித்தான். அப்பன் பதறிக்கொண்டு மைக்கைப் பிடுங்கி, எம் புள்ள மேல தப்பு இல்லீங்க மேடம், படம் போட்டது அவன் இல்ல, நம்மகிட்ட வேல பாத்த சாதுல்லா பாய் பொண்ணு மாஹிரா, அதுதான் அளவ தப்பாப் போட்டுக் கெடுத்துடுச்சி, என்றான்.

மூன்று வருஷமாக எந்த உண்மையை அவன் வாயிலிருந்து பிடுங்க நினைத்தேனோ அதை ஐந்நூறு பேர் காதில் விழ மைக்கில் சொன்னான், கூடவே நான் வைத்த ஒழுக்கையும் உன் தலையில் கட்டினான். என் புத்திக்கு இது எட்டவே இல்லை, தண்ணீர் கீழே போகும் என்று மட்டும் கணக்குப் போட்ட மடையன் நான். சும்மா உட்கார்ந்திருந்தால் திருட்டுப் பேரோடு கையாலாகாதவள் என்ற பேரும் உனக்கு. எழுந்து நடந்து போய், அளவு சரியாத்தாங்க இருக்கு, தொட்டி செஞ்சது இவுங்க பட்டறை இல்ல, நான், ஆணி அடிக்காம வேணும்னே சோப்பு வச்சேன், என்றேன். அந்த வீடியோ அதுதான்.

யாரோ அடிக்க வந்தார்கள், பழனி தடுத்தார். சுபுஹானை என் கடைக்கு விரட்டிச் சூட்டுக்கோல் எடுத்து வரச் சொல்லி, அவர் கொட்டிய அதே தணலில் காய வைத்து, வண்டியைக் கவிழ்த்துச் சோப்பை வெந்நீர் விட்டுக் கழுவி, நாலு செம்பு ஆணி இறக்கி மேலே ஈயம் வைத்தேன். மறுபடி தண்ணீர் ஊற்றி, பிள்ளைகளை ஏற்றாமல், மூன்று சுற்று ஓடியது, ஒரு சொட்டு இல்லை. பெரியநாயகி அம்மா என்னைப் பார்த்து, நீ மனுசனாய்யா, என்றார், வாங்கிக்கொண்டேன். அப்புறம் பொன்னுரங்கத்திடம், பொண்ணு போட்ட படம்னு நீயே சொன்ன இல்ல, அந்தப் பலகைய கழட்டு, என்றார். அவன் கையாலேயே கழற்றினான். அதை நான் கண் கொட்டாமல் பார்த்தேன், இன்னும் பத்து தடவை கழற்றச் சொன்னாலும் பார்ப்பேன்.

நாலு நாளாகக் கடைக்கு ஒரு குடம் வரவில்லை, பால்காரர்கள் கேனைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள், நாற்பது வருஷத்து நம்பிக்கை போய்விட்டது. சோப்பு பாய் என்கிறார்களாம். உன் பேரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டிருந்தவர்கள் இப்போது என் பேருக்குத் தாழ்த்துகிறார்கள், அது எனக்குச் சம்மதம். பிள்ளைகள் விஷயத்துக்காக மட்டும் அல்லாஹ்விடம் அழுகிறேன், மற்றதற்கு இல்லை. மைக்ரோமீட்டர் என்று சொன்ன வாய்க்கு இன்னும் பதில் பாக்கி, அதை மறந்துவிட்டேன் என்று அவன் நினைக்க வேண்டாம்.

நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, சம்பளம் அனுப்பாதே, மழையில் நனையாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிமிர்ந்த தலையும் கொடுக்கட்டும், அம்மாவும் இதையேதான் கேட்பாள், என்னிடம் சொல்லவில்லையே தவிர. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். போன பெருநாளுக்கு முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு ஆட்டோவில் சந்து வழியாக வீட்டுக்கு வந்தாய், ஆட்டோ சத்தம் கேட்டும் நான் வெளியே வரவில்லை, உன் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. இந்தப் பெருநாளுக்குப் பகலிலேயே பஸ் ஸ்டாண்டில் இறங்கு, நான் வந்து பெட்டியை வாங்கிக்கொள்கிறேன், கடைத்தெரு வழியாக நடந்தே வருவோம். பொன்னுரங்கம் பட்டறை வாசலில் கொஞ்சம் மெதுவாக நட.

உன் அத்தா,
சாதுல்லா
கள்ளக்குறிச்சி