மாமா கொண்டு வரும் கிளாரினெட்

ஜூலை 8, செவ்வாய்

மேற்கேருந்து மேகாத்து. ஜன்னலைச் சாத்தினாலும் மணலி ஃபேக்டரி நாத்தம் உள்ள வருது. காலை ஷிஃப்ட் முடிஞ்சு வந்து படுக்கலாம்னா கூடத்துல தாஸ் மாமா, அக்கா புருஷன். இன்னிக்கும் கிளாரினெட்டுக்கு ஒரே ஒரு கீ. பேப்பர்ல சுத்தி, நகை மாதிரி.

"யானைக்கவுனி கடை பூரா அலைஞ்சேன் மச்சான். இதான் கெடச்சுது."

எல்லாம் அந்தக் கல்யாண நாள் சண்டையால. அக்கா ஆக்கி வெச்சுட்டு உட்கார்ந்திருக்கு, இவர் பேண்டோட புளியந்தோப்புல சாவு வூட்டுக்கு வாசிக்கப் போயிட்டு மறுநாள் மத்தியானம் வந்தாரு. அக்கா கிளாரினெட்டை ரெண்டாவது மாடியிலருந்து வீசிடுச்சு. அன்னிலருந்து அக்கா எங்க வூட்ல. அவரோட பேச்சே கிடையாது. என் ரூமும் போச்சு, கூடத்துல பாய்.

போன வாரம் கீ ஒண்ணுகூட இல்லாத மொட்டைக் குழலோட வந்தாரு. பழைய சாமான் கடையில கிடைச்சதாம். கீயெல்லாம் ஒவ்வொண்ணா தேடிப் பிடிச்சுத் தருவாராம், நான் மாட்டித் தரணுமாம். பிளான்ட்ல நான் பாக்கறது பிரஷர் கேஜ். கிளாரினெட் இல்ல. அம்மா கெஞ்சினதால ஒத்துகிட்டேன்.

மாட்டினேன். குழல் மேல நிக்கிற ரெண்டு குட்டித் தூணுக்கு நடுவுல உரசாம, ஆடாம உட்கார்ந்துடுச்சு. வேற வாத்தியத்து கீ இப்படி உட்காராது. அரம் போடணும், வளைக்கணும், திட்டணும். டவுட்.

ஜூலை 9, புதன்

வாங்க: கார்க் ஷீட், மெஷின் ஆயில், அம்மாவுக்குத் தைலம்.

இன்னொரு கீ. வெர்னியர் வெச்சு அளந்து பாத்தேன். தூண் இடைவெளியும் கீ நீளமும் அச்சு அசல். நேத்து ஒரு கடை, இன்னிக்கு வேற கடையாம். ரெண்டு கடையிலயும் ஒரே பழுப்பு, ஒரே தேய்மானம். யார் காதுல பூ சுத்தறார்?

அவங்க பேண்டுல எவனோடதையோ கழட்டிகினு வர்றாருன்னு நினைக்கிறேன். போலீஸ் வந்தா சாமான் இருக்கிறது என் டூல்பாக்ஸ்ல.

அக்காகிட்ட சொன்னேன், திருட்டு மாலு மாதிரி இருக்குன்னு. மீன் கழுவிகினே, மாட்றதை மட்டும் மாட்டுன்னுது.

அக்கா போடற டீ: போன வாரம் எனக்கு மட்டும்தான் வரும். இன்னிக்கு ரெண்டு கிளாஸ். மாமாவோடதுல சர்க்கரை கம்மி. யாரும் கம்மியா போடச் சொல்லல.

ஜூலை 11, வெள்ளி

கீ அடியில பேட் ஒட்டினது பிசகிடுச்சு. திரும்ப ஒட்டினேன். விரல் எரியுது.

மாமாவை நேராவே கேட்டுட்டேன், மொத்தமா வாங்கிட்டு வந்தா இன்னா கேடுன்னு. ஃபேனைப் பாக்கறாரு. கிடைக்கணும்லங்கறாரு. கண்ணு சமையக்கட்டு வாசல்ல. திருட்டு முழி.

வாத்தியம் இல்லாததால பேண்டுல இப்ப டிரம் தூக்குறாராம். தோள்ல வார் அறுத்த தடம். பாவமா இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

நாளைக்கு ஆஃப். யானைக்கவுனி போறேன். ஆதாரத்தோட அக்கா முன்னாடி வெச்சா, இந்த ஆளோட சங்காத்தமே வேணாம்னு முடிஞ்சிடும். எனக்கு ரூமும்... இல்ல, ரூம் கிடைக்காது. பரவால்ல.

ஜூலை 12, சனி

பஸ்ல ஒரே புழுக்கம். கடை கண்டுபிடிச்சாச்சு, வாசல்ல நசுங்கின டிரம்பெட் தொங்குது. கடை பாய்கிட்ட ஃபோன்ல குழல் படத்தைக் காட்டினேன். பாத்ததும் சிரிச்சாரு.

"இது முழுசா போன மாலு நைனா. அந்தாளு இங்கயே நின்னு ஊதிப் பாத்து எடுத்துகினு போனாரு. அதுக்குள்ள பிரிச்சு மேஞ்சிட்டீங்களா?"

முழு கிளாரினெட். நல்லா வாசிக்கிறது. அதைப் பிரிச்சுப் போட்டுட்டு, தினம் ஒண்ணா என் கையில குடுத்துட்டு, டிரம் தூக்கிகினு திரியறாரு. மறை கழண்ட ஆளான்னு யோசிச்சேன்.

காசிமேடு தாண்டும்போதுதான் உறைச்சது. கையில கீ இல்லன்னா எங்க வூட்டுக்கு அவர் எதைச் சொல்லிகினு வருவாரு?

அப்பவும் விடல. ஏமாத்து ஏமாத்துதான். வந்ததும் அக்காகிட்ட கொட்டிட்டேன். குதிக்கும்னு நினைச்சேன். வெங்காயம் நறுக்கற கை நிக்கல.

"தெரியும்."

எப்படின்னு கேட்டேன்.

"படியேறச்சொல்ல அவர் பை கலகலன்னும். ஒண்ணை உன்கிட்ட குடுத்துட்டு எறங்கச்சொல்லவும் கலகலன்னும்."

அப்புறம் எத்தினி பாக்கின்னு கேட்டுது. ரெண்டுன்னேன்.

"நாளைக்கு நீ எங்கனா போ. நான் வாங்கி வெக்கிறேன்."

லீவு நாள்ல எங்க போறதுன்னேன். அடுத்த வெங்காயத்தை எடுத்துடுச்சு. ராயபுரத்துல கல்யாண ஊர்வலமாம், மாமா இன்னிக்கு வரல.

ஜூலை 13, ஞாயிறு

போனேன். கடலோரம் கருங்கல் மேல உட்கார்ந்து வெயில்ல வெந்தேன். சொந்த வூட்டை விட்டுட்டு.

திரும்பி வந்தா ஸ்டூல் மேல ரெண்டு கீயும். கவுத்து வெச்ச ரெண்டு கிளாஸ். மாமா போயாச்சு. பையைக் கொட்டுன்னு அக்கா சொல்லிச்சாம், கொட்டிட்டாராம். அம்மா தகவல்.

அக்காகிட்ட, ரெண்டு பேரும் இன்னா பேசினீங்கன்னேன்.

"வீசினது தப்புன்னு நான் சொல்லல. அவரும் சொல்லச் சொல்லல."

இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா முறைக்குது.

சரி, வேலையை முடிப்போம். ஒரு கீ மாட்டியாச்சு. கடைசி கீக்கு ஸ்க்ரூ பாட்டில் மூடியில போட்டு வெச்சிருந்தேன். மூடி இருக்கு, ஸ்க்ரூ இல்ல. பாயை உதறினேன், பீரோ அடியில டார்ச் அடிச்சேன். இல்ல.

சமையக்கட்டுலருந்து அக்கா, திரும்பிக்கூடப் பாக்காம: "அவசரம் இன்னாடா? நாளைக்கு அவரை ஒரு ஸ்க்ரூ எடுத்தாரச் சொல்லு."

நான் ஸ்க்ரூ காணோம்னு வாயே திறக்கல.

இந்தத் தடவை மாமா மேல டவுட் இல்ல.