கடைசி இரண்டு நிமிடம்

கோஸ்குடுக்,
புதன்கிழமை, காலைத் தேநீருக்குப் பிறகு.

அன்பு மருமகன் அல்தியாருக்கு,

உன் தாய்மாமன் கப்தொல்லா தன் கைப்பட எழுதுவது. நானும் உன் அத்தை பீகெனும் ஆடு குதிரைகளும் சுகம். அங்கே நீயும் உன் அம்மா, என் அக்கா ரௌஷானும் அல்மாத்தி வெக்கையில் வாடிப்போகாமல் இருக்க வேண்டும். கம்பளி மூட்டை ஏற்றிப் போகும் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பை குர்த், காய்ந்த தயிர் உருண்டை. கல் மாதிரி இருக்கிறதென்று சொல்லாதே, உன் அத்தை உருட்டியது. அக்கா, இவன் பாதி படித்துவிட்டு மடித்துப் பையில் போட்டுக்கொள்வான். கடைசி வரி வரைக்கும் படிக்கிறானா என்று நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பாய். போனில் பத்தொன்பது முறை அழைத்தேன், நீ எடுக்கவில்லை. உன் வீடியோவுக்குக் கீழே கமெண்டாக எழுதலாம் என்றால் அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாய். கடிதம் எழுதக்கூடாது என்று மட்டும் நீ சொல்லவில்லை. எட்டு வகுப்பைப் பத்து வருடம் ஆழமாகப் படித்தவன் நான், இந்த ஓட்டை எனக்குத் தெரியாமல் போகுமா?

சகோதரி மகன் மூன்று முறை எதைக் கேட்டாலும் தாய்மாமன் இல்லையென்று சொல்லக்கூடாது. நம் வழக்கம் அது, நானா போட்டேன்? ஐந்து வயதில் செம்பழுப்புக் குதிரைக்குட்டியைக் கேட்டாய், கொடுத்தேன். இருபது வயதில் பக்கப்பெட்டி வைத்த என் மோட்டார் சைக்கிளைக் கேட்டாய், கண்ணில் நீர் வராமல் கொடுத்தேன். மூன்றாவதை ஒரு கழுகுக்கோ கம்பளத்துக்கோ வைத்திருக்கிறாய் என்றுதான் நினைத்தேன். வசந்தத்தில் நம் ஊர் ஜுமாகாசி வீட்டு விருந்தில் இருநூறு பேர் முன்னால் எழுந்து நின்றாய். (உன் அத்தை எட்டிப் பார்த்து நாற்பது பேர்தான் என்கிறாள். எழுதுபவன் நான்.) "மாமா, மூணாவதா உங்க வாயைக் கேக்குறேன். இனிமே என் வீடியோவுக்குக் கீழ ஒரு எழுத்துகூட எழுதப்படாது" என்றாய். "அடப்பாவி, இதுக்கு அந்தாளு உயிரையே கேட்டிருக்கலாமேடா!" என்று ஜுமாகாசி கத்த, சிரித்த சிரிப்பில் பாதிப் பேருக்குத் தேநீர் மூக்கு வழியாக வந்தது. நானும் சிரித்தேன். கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

ஆனாலும் உன் பார்வையாளர்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. தூ. அதுதான் கருத்து.

வாராவாரம் சனிக்கிழமை நீ இருபது நிமிடம் உலகத்து ராக்கெட் செய்தியெல்லாம் சொல்கிறாய். கடைசி இரண்டு நிமிடம், வருகிற வாரம் ஏவப்போகும் ராக்கெட்டின் முதல் அடுக்கு கழன்று எந்த மேய்ச்சலில் விழும், என்ன தேதி, எத்தனை மணி என்று நம் ஓடை, நம் புல்வெளிப் பெயரெல்லாம் சொல்லி வாசித்தாய். பதினெட்டு நிமிடம் ஊருக்கு, இரண்டு நிமிடம் நமக்கு. அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் இங்கே என் வீட்டில் கூட்டம். என் கூரை ஆன்டெனா சந்திரன் வரைக்கும் எடுக்கும் என்பது உனக்கே தெரியும்.

அதற்கு அவர்கள் எழுதியது என்ன? "பதினெட்டாம் நிமிஷத்தோட மூடிட்டுப் போயிடுங்க மக்களே, அதுக்கு மேல ஆட்டுக்காரனுக்கு வானிலை அறிக்கை." இது ஒருவன். "யோவ், இது விண்வெளி நிகழ்ச்சியா, மாட்டுச் சந்தை அறிவிப்பா?" இது இன்னொருவன். விண்வேடன் என்று ஒருத்தன் இருக்கிறானே, தலைக்கவசம் போட்ட படம் வைத்துக்கொண்டு, அவன் எழுதினான்: "வெளிநாட்டுல ராக்கெட்டு கீழ வந்து கால ஊனி நிக்குது. நம்மாளு இன்னும் குதிரைய ஒதுக்குங்கன்னு கெஞ்சிக்கிட்டிருக்கான். வெக்கக்கேடு." அதற்கு முந்நூற்று நாற்பது லைக். அழுகின இறைச்சியில் ஈ உட்கார்ந்தாலும் இத்தனை உட்காராது. உள்ளங்கை அளவு கண்ணாடியில் தவிர வேறெங்கும் ராக்கெட்டைப் பார்க்காதவன்கள். சோபாவில் படுத்துக்கொண்டு சூரியகாந்தி விதை மென்று தொலியைத் துப்பும் வாயால் வானத்துக்கு நாட்டாமை செய்கிறார்கள்.

பொறுக்காமல்தான் நான் பதில் எழுதினேன். எண்பத்து மூன்றில் கலம் ஒன்று நம் சமவெளியில் இறங்கியபோது விண்வெளி வீரரை நான்தான் தோளில் சுமந்தேன் என்று எழுதினேன். அது உண்மை. அதாவது, சுமந்தவர்களுக்குத் தேநீர்க் குடுவையை நீட்டினேன். அதாவது, குடுவையை நீட்டியவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். விண்வேடன் எங்கோ தோண்டி, அந்த வருடம் இறங்கிய கலம் நம்மிடமிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளி இறங்கியது என்று வரைபடத்தோடு போட்டான். அப்படியானால் நான் பார்த்தது வேறு ஏதோ கலம். என் முகத்தை வெட்டி ஆட்டின் உடம்பில் ஒட்டி, விண்ணில் பறக்கவிட்டார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், படத்தில் மீசை நன்றாகவே வந்திருந்தது. கடைசியில் எழுதினான் பார்: "மாமன் புளுகன்னா மருமவனும் புளுகன்தான். அந்தக் கடைசி ரெண்டு நிமிஷம் பூரா கப்சா." அங்கேதான் உனக்குச் சுட்டது. எனக்குத் தெரியும். அதனால்தான் என் வாயைக் கேட்டாய்.

என் வாயை வாங்கிக்கொண்டு போன சூட்டில் அந்த இரண்டு நிமிடத்தையும் வெட்டிவிட்டாய். அன்று வந்த கமெண்டையும் படித்தேன். "இப்பதான்யா தரமான நிகழ்ச்சி!" தொள்ளாயிரம் லைக்.

இனி எழுதுவதில் நான் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை, அல்தியார். உன் அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதுகிறேன்.

சென்ற வாரம் புதன்கிழமை ஏவப் போகிறார்கள் என்று உன் வீடியோவின் நடுவில் வந்தது. எஞ்சினைப் பற்றிப் பதினோரு நிமிடம் சொன்னாய். எங்கே விழும் என்று சொல்லவில்லை. முந்தைய வருடங்களை வைத்து நானே யோசித்து, அக்ஷி மேய்ச்சல் என்று முடிவுக்கு வந்தேன். ஜுமாகாசியின் தம்பி மனைவி குல்ஜான் இருபது பால் குதிரைகளை அங்கேதான் ஓட்டுகிறாள். போகாதே அம்மா என்றேன். அவள் சேணத்தை இறுக்கிக்கொண்டே, "அல்தியார் சொன்னானா மாமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப போன வருஷம் வீரனைத் தோள்ல தூக்கினீங்க, இந்த வருஷம் ராக்கெட்டையே தூக்கப் போறீங்க. எனக்கும் ஒரு துண்டு எடுத்து வைங்க" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

இடி இரண்டு முறை கேட்டது. பிறகு வெள்ளியாக ஏதோ ஒன்று சத்தமில்லாமல் சுழன்றுகொண்டு இறங்கியது. பள்ளிக்கூடம் அளவு என்று எழுதப் போனேன். இல்லை. ஒரு லாரி அளவு. அவள் இருந்த இடத்திலிருந்து ஒரு மேடு தள்ளி விழுந்தது. குதிரைகள் மிரண்டு பழைய முள்கம்பி வேலியில் பாய்ந்தன. மூன்று குட்டிகள் அங்கேயே போய்விட்டன. குல்ஜானைக் குதிரை தூக்கி எறிந்ததில் காறையெலும்பு முறிந்தது. இடது காது கேட்கவில்லை. திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும் என்கிறார் மருத்துவர். எரிபொருள் சிந்தி, விழுந்த இடத்துப் புல் மஞ்சளாகிவிட்டது. அழுகின மீன் நாற்றம். உன் அத்தை அங்கேயே வாந்தி எடுத்தாள். அந்தப் புல்லை எந்தக் குதிரை மேய்ந்தது என்று யாருக்கும் தெரியாததால் இருபது குதிரையின் பாலையும் வேளாவேளைக்குக் கறந்து மண்ணில் கொட்டுகிறோம்.

அன்று மாலை உன் பக்கத்தில் அதே ராக்கெட் கிளம்பும் படத்தைப் போட்டிருந்தாய். கீழே ஒருத்தி, "கண்கொள்ளாக் காட்சி, மெய் சிலிர்க்குது" என்று இதயம் இதயமாக வைத்திருந்தாள். என் கையிலிருந்து அந்த மீன் நாற்றம் இன்னும் போகவில்லை. அந்தக் கையால் போனைத் தொடவே அசிங்கமாக இருந்தது.

மருத்துவமனையில் குல்ஜான் என்னைக் குனியச் சொல்லி, கேட்கும் காதுப் பக்கம் வரச்சொல்லி, "உண்மையச் சொல்லுங்க மாமா, அல்தியார் அன்னைக்குச் சொல்லியிருந்தானா?" என்று கேட்டாள். நான், "சொன்னான்மா. முந்தின மூணு வாரமும் சொன்னான். என் ஆன்டெனாதான் கோளாறு, கடைசியில படம் அறுந்துபோயிடுச்சு" என்றேன். "அதானே, அவன் சொல்லாம இருப்பானா" என்று கண்ணை மூடிக்கொண்டாள். ஊரிலும் அதையே சொன்னேன். இப்போது என் ஆன்டெனாவைத் தகர டப்பா என்கிறார்கள். சொல்லட்டும். நீ வெட்டினாய் என்பது எனக்கும் உன் அத்தைக்கும் தவிர இங்கே ஒருவருக்கும் தெரியாது; கம்பளி வெட்டும் வேலையில் அதன்பிறகு யாரும் என் வீட்டுக்குப் பார்க்க வரவில்லை.

இது நல்லதற்குச் சொன்ன பொய். அது எங்கே கொண்டுவந்து விட்டது என்று கேள்.

சனிக்கிழமை ஊரே வந்து உட்கார்ந்தது. ஜுமாகாசி கூரையேறி ஆன்டெனாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நொடிகூட அறுக்காமல் இருபது நிமிடமும் வந்தது. விண்வெளியில் பணக்காரன் ஒருவன் என்ன சாப்பிட்டான் என்று சொன்னாய், கையை ஆட்டினாய், முடிந்தது. ஜுமாகாசி கூரையிலிருந்து, "என்னப்பா சொன்னான்?" என்று கத்தினார். "ஒண்ணும் இல்லையாம்! இந்தப் பக்கம் எதுவும் விழாதாம்!" என்று கீழேயிருந்து பதில். எல்லாரும் எழுந்து போய் அரிவாள் தீட்ட ஆரம்பித்துவிட்டார்கள். புல் அறுப்புக்கு ஏற்ற நல்ல வெயில் வாரம், யார் விடுவார்கள்?

மறுநாளே எண்பது கிலோமீட்டர் போய், மாவட்ட அலுவலகக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் படம் பிடித்து வந்தேன். நாளை இல்லை, அடுத்த வாரம் வியாழன் காலை ஒன்பதே கால். நம் புல்வெளிகள் மூன்று அதில் இருக்கின்றன. காட்டினேன். ஜுமாகாசி முத்திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "போன வருஷம் காட்டினீங்களே, விண்வெளிக் கழகப் பட்டயம், அதுலயும் முத்திரை இருந்துச்சு. மாட்டு டாக்டர் முத்திரை" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பட்டயத்தை நான்தான் செய்தேன், ஆசைக்கு. கடைசியில் பொறுக்காமல், அல்தியார் அந்தப் பகுதியை நிறுத்திவிட்டான் என்ற உண்மையையும் போட்டு உடைத்தேன். ஜுமாகாசி என்னை ஏற இறங்கப் பார்த்து, "வாயைப் புடுங்கிட்டான்னு சொந்த மருமவன் மேலயே பழி போடுறீங்களே, உங்களுக்கு நாக்கு அழுகிடாது?" என்று கேட்டார். அறுபத்தெட்டு வருடம் பேசியிருக்கிறேன். ஒரே ஒரு முறை எனக்கு என் பேச்சு தேவைப்பட்டபோது அதை வாங்க ஆளில்லை.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. உன் வயதில் என்னை ஆட்டோடு ஒட்டியிருந்தால் நானும் ஊர்ப்பேரை மறைத்திருப்பேன். நீ குல்ஜானிடம் எதுவும் சொல்ல வேண்டாம், அது நான் சொன்னபடியே இருக்கட்டும். வருகிற சனிக்கிழமை மட்டும் அந்த இரண்டு நிமிடத்தை வை. கடைசியில் வேண்டாம், முதலிலேயே வை. நகரத்து நாக்கில் வேண்டாம், அக்கா கூப்பிடுகிற மாதிரி நம் பேச்சில், நிதானமாக, இரண்டு தடவை வாசி. பெயர்களை எழுதுகிறேன்:

அக்ஷி. அங்கே குல்ஜானின் கணவன், குதிரைகளோடும் மிச்சமிருக்கும் குட்டிகளோடும்.

தாஸ்ஓட்கெல். ஜுமாகாசி, அவர் மகள்கள் இருவர், கூடாரம் போட்டாயிற்று.

போஸ்சாய் புல்வெளி. ஒன்பது குடும்பங்கள். யார் யார் என்று பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், கைக்குழந்தை உட்பட.

இதைக் கேட்டு எவனாவது, இதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று எழுதினால் எழுதட்டும். நான் பதில் எழுத மாட்டேன், கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். அவன் பிள்ளைகுட்டிகளோடு நூறு வயது இருக்கட்டும், அவன் தலைமேல் மழையும் பனியும் தவிர ஒருநாளும் எதுவும் விழாமல் இருக்கட்டும். உனக்கும் அதே ஆசீர்வாதம், கண்ணே.

உன் தாய்மாமன்,
கப்தொல்லா.

வருகிற செவ்வாய் முதல் நானும் போஸ்சாயில்தான் புல் அறுக்கிறேன். வீட்டு விலாசத்துக்குப் பதில் போடாதே.