கறுப்புத் திரையில் முப்பத்தொன்று

மச்சான்,

இன்று காலை நம் ஒரகடம் தொழிற்சாலையில், சோதனை மேசையின் கறுப்புவெள்ளைத் திரை சூடேறிப் பழைய பிளாஸ்டிக் வாடை அடித்தது. நீதான் பழையபடி அதன் முன் வந்து உட்கார்ந்துவிட்டாய் என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன்.

அது பல்லவர் காலத்துத் திரை என்று ஊரெல்லாம் அளந்து வைத்திருக்கிறேன். நீயோ அதற்கு ராஜமரியாதை கொடுத்தாய். பிரேக் குழாய்களைச் சோதிக்கும் உன் புரோகிராம், ஒரு வரி எழுதுமுன் அந்தத் திரை நிறம் காட்டுமா என்று பார்க்கும். காட்டுமென்றால் நல்ல குழாயின் எண் பச்சை, கெட்டது சிவப்பு. காட்டாதென்றால் வெறும் எழுத்தில் பாஸ், ஃபெயில்.

"ஒரு ஸ்கிரீனுக்கு இன்னாத்துக்குய்யா இவ்ளோ உபசாரம்?" என்றேன்.

"கேக்காம கலரை அனுப்புனா குப்பையாத் துப்பும், பெருசு. நம்ம ஜனங்க அந்தக் குப்பையையும் படிக்கக் கத்துக்கும்."

நீ கம்பெனியை விட்டுப் போனபின் வந்த புதுக் குழு, "இப்ப எந்த ஸ்கிரீன்ல சார் கலர் வராது?" என்று அந்த வரிகளைத் தூக்கிவிட்டது. நம் கிழத்திரைக்கு நிறக்குறியீடு புரியவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கு முன்னும் பச்சைக்கான [32m, சிவப்புக்கான [31m என்று அப்படியே கக்கியது. லைனில் ஒருவரும் புகார் சொல்லவில்லை. முப்பத்திரண்டு நல்லது, முப்பத்தொன்று கெட்டது என்று தாங்களே கண்டுபிடித்து, புதிதாக வந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

போன வாரம் யாரோ சிவப்பை இன்னும் பளிச்சென்று ஆக்க, குறியீடு [91m ஆனது. திருநெல்வேலியிலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை செய்யும் செல்வி, கெட்ட குழாய்களை நல்ல தட்டில் அடுக்கிவிட்டாள். லாரி ஏறுமுன் பிடிபட்டது.

"இன்னாம்மா, கண்ணு பொடனிலயா கீது?" என்றார் சூப்பர்வைசர்.

"முப்பத்தொண்ணு வந்தாத்தான் ரிஜெக்ட்டுன்னு சொல்லித் தந்தாவ சார். இது தொண்ணூத்தொண்ணுல்லா?"

அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடுவது என்று பேச்சு. இன்று மதியம் உன் வரிகளைத் தேடி எடுத்துத் திரும்பச் சேர்த்தேன். திரை இப்போது ஃபெயில் என்று பளிங்காகச் சொல்கிறது. அந்தப் பெண் மேல் தப்பில்லை என்று மேனேஜர் அறையின் கூரை பறக்கக் கத்தினேன். "ஸ்கிரீன் சரியாயிடுச்சில்ல? அந்தப் பொண்ணு விஷயம் நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

மாலை கம்பெனி பஸ்ஸில் செல்வி முன் இருக்கையிலிருந்து திரும்பினாள்.

"நாளைக்கு நான் வரலாமாண்ணே?"

குன்றத்தூர் மலையைத் தோளில் தூக்கிக்கொண்டு படப்பை வரை நடந்தேன் என்று புளுகும் வாய் இது. 'வாம்மா' என்ற ஒற்றைச் சொல் அதிலிருந்து வரவில்லை, மச்சான். அவள் கேட்டதை அப்படியே வீட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறேன்.